நூற்றிருபது அடி

வினாடிக்கு நூற்றிருபது அடி.
அவ்வளவுதான் கூடியிருந்தது.
இருமுறை கழித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.
போஜன் தொப்பியைக் கழற்றி
கற்பூர மரத்து வேரில் வைத்தார்.
தந்தி வாசித்து முடித்தவர்போல
கொஞ்ச நேரம் நின்றார்.

பதினோரு மாதம்.
கப்பலில் வந்த ஒரு துளை அகட்டும் உளி,
வெலிங்டன் ரோசாரியோவின் கடைசலில் மூன்று ஞாயிறு,
கிழங்கு விற்ற காசில் பாதி,
முத்திரைக்கு ஊட்டி கச்சேரிக்கு நாலு நடை.
எல்லாம் எதற்கு?
ஏழு மில்லிமீட்டர் மவுசரின் அறையை
ஒரு மயிரிழை அகலமாக்கி
தோட்டாவின் சரிந்த தோளைச்
சிப்பாய்த் தோளாக நிமிர்த்துவதற்கு.

எந்தத் தொழிற்சாலையும் பெயர் வைக்காத தோட்டா.
காட்டுப்பூனை என்பார்களாம் அந்தச் சாதியை.
கடையில் கிடைக்காது, சுட்டுத்தான் செய்ய வேண்டும்.
பழைய தோட்டாவைப் புது அறையில் வெடித்தால்
பித்தளை உப்பி, சுவரைத் தொட்டு,
தொட்ட வடிவத்திலேயே உறைந்து
காலடியில் விழும்.
நாற்பதில் ஆறு பிளந்தன.
மிச்சம் முப்பத்துநாலையும்
முட்டைக் கூடையில் வைக்கோல் பரப்பி
மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

என் வேலை அளப்பது.
அருவங்காட்டில் ஆறு நாளும்
வெடிமருந்தின் வேகம் பார்க்கிறவன்
ஏழாம் நாளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது
அவர் வீட்டு அவரைக் குழம்புக்காக
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தோட்டா உள்ளே போக மறுத்தது.
நிமிர்ந்த தோள், குனியத் தெரியவில்லை.
கட்டைவிரலால் தள்ளினார்,
அடம்பிடிக்கும் கன்றைத் தொழுவத்தில் அடைப்பதுபோல,
வாய்க்குள் ஏதோ செல்லமாகத் திட்டியபடி.

முந்நூறு கஜத்தில், என்றேன்,
உங்கள் நூற்றிருபது அடிக்கு
குண்டு ஓர் அங்குலம் குறைவாகத் தாழும்.
இந்தக் கட்டைவிரலின் அகலம்.
மூன்று மணிக்குக் கேத்திப் பள்ளத்திலிருந்து ஏறுகிற காற்று
அதை எட்டு அங்குலம் தள்ளிவிடும்.
பன்றி வருவதோ நாற்பது தப்படியில்,
இருட்டில், பாத்தியில் மூக்கை நட்டுக்கொண்டு.
போன வருஷத்துப் பன்றி
பழைய வேகத்துக்கே
ஒரு குறையும் சொல்லாமல் விழுந்தது.

இன்னொன்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.
மதராஸ் கடற்கரையில் சுடுகிற துப்பாக்கியைக்
கல்லாறு வழியாகச் சும்மா மேலே தூக்கி வந்தால் போதும்.
இங்கே காற்று மெலிசு.
முந்நூறு கஜம் போய்ச் சேர்வதற்குள்
குண்டு வழியில் சிந்துகிற வேகத்தில்
இந்த நூற்றிருபது மிச்சமாகும்.
உளி வேண்டாம், ரோசாரியோ வேண்டாம்,
மலை இலவசமாகக் கொடுக்கிறது.

சீகை மரங்களுக்குப் பின்னால்
ரயில் இரைத்துக்கொண்டு ஏறியது.
அது ஓயும்வரை பொறுத்திருந்தார்.
"மலை எல்லாருக்குந்தான் குடுக்குது சார்.
இது எனக்கு மட்டும்."

என் பெட்டியில் அதற்கு முள் இல்லை.

பிறகு பனி ஏறி வந்தது.
இலக்கின் மூங்கில் கால்கள் முதலில் போயின.
கறுப்பு வட்டம் மட்டும் சிறிது நேரம்
எதன் மீதும் இல்லாமல் நின்றது.
அப்புறம் அதுவும்.
இருபத்தேழு தோட்டா மிச்சம்.
முந்நூறு கஜம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.
அவர் ஒவ்வொன்றாக எண்ணி
வைக்கோலில் திரும்ப வைத்தார்.

குறிப்பேட்டில் இன்னோர் எண் இருந்தது.
தோள் சரிந்த பழைய தோட்டாக்கள் பத்தில்
முந்தியதற்கும் பிந்தியதற்கும் நடுவே
எண்பத்தாறு அடி.
அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் போட்டேன்.
குழலின் தொண்டை இனி சீக்கிரம் தேயும் என்பதையும்
குழம்பு சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்து
சொல்லவில்லை.

புறப்படும்போது
பிளந்த ஆறில் ஒன்றை என் கையில் வைத்தார்,
பேனாவுக்கு மூடியாக இருக்கட்டும் என்று.

சரியாகப் பொருந்தவில்லை.
அதைத்தான் போட்டிருக்கிறேன்.
சட்டைப் பையில் கொஞ்சம் மை கசிகிறது.