காலி எடை

ஆலை வாசலில் லாரிகளை நிறுப்பது என் வேலை.
செம்பனைக் குலையோடு வரும்போது ஒருமுறை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை.
இரண்டுக்கும் நடுவே உள்ளதற்குத்தான்
கம்பெனி காசு கொடுக்கும்.

பாடாங் செராய் கிளினிக்கில்
விரல் நுனியில் குத்தி
என்னை நிறுத்தார்கள்.
பதினேழு புள்ளி எட்டு.
தாதி புஷ்பலீலா இன்னொரு விரலைக் கேட்டாள்.
இயந்திரத்தைச் சந்தேகப்படும் பழக்கம்
எனக்கும் உண்டு; கொடுத்தேன்.
பதினேழு புள்ளி ஆறு.

காய்ச்சலின் ஒன்பதாம் நாள் அது.
லாரிக்காரன் குணாளனுக்கும் எனக்கும்
ஒரே திங்கட்கிழமை தொண்டை கரகரத்தது.
ஒரே சீட்டு, ஒரே பேனா,
என் கூண்டுக்குள் தலையை நீட்டி
அவன் போட்ட ஒரே தும்மல்.
வியாழக்கிழமை அவன் பந்து விளையாடப் போய்விட்டான்.
நான்
கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு
மூச்சை மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்தேன்.

இனிப்புநீர் எத்தனை வருஷமாக, என்று
டாக்டர் அசிக்கின் மலாயில் கேட்டார்.
எனக்கு இனிப்புநீர் இல்லை என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
அட்டையை என் பக்கம் திருப்பினார்.

பிறகு ஒரு தாளின் பின்னால் வட்டம் போட்டார்.
அது என் உயிரணுவாம்.
வெளியே ஒரு புள்ளி, கிருமி.
உயிரணு அதைப் பார்த்து ஓடுவதில்லை.
ஒரு பையில் சுற்றித் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது,
நான் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடுவது போல,
சீட்டைப் பார்த்து, முகத்தைப் பாராமல்.

உள்ளே போன பை புளிக்க வேண்டும்.
புளித்தால்தான் கிருமி சட்டையைக் கழற்றும்.
புளிப்பை இறைக்கச் சின்னச் சின்னப் பம்புகள்,
பாதிப் பாதியாகப் பிரிந்து கிடக்கும்.
சுற்றிலும் சர்க்கரை ஏறினால்
பாதியைப் பாதி தேடிப் பூட்டிக்கொள்ளும்.
கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில்
இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்,
உடம்பில் இன்னும் பல கணக்கு உண்டு என்று
பேனாவை மூடினார்.

இனிப்பு ஏற ஏறப் புளிப்பு.
இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஆனால் எனக்கு ஆலையைத் தெரியும்.
குலை குவியும் மாதங்களில்
மூன்றாவது ஷிப்டைத் திறப்பார்கள்.
கொதிகலன் விடிய விடிய ஊதும்.
அந்த நெரிசலில் ஒருமுறை
பக்கத்துத் தோட்டத்தில் திருடிய குலை
இரண்டு லோடு
என் கையெழுத்தோடு உள்ளே போயிருக்கிறது.

மூன்று வருஷமாக இரவில் நாலு தடவை எழுந்தேன்.
வயசு, என்றான் மைத்துனன். நம்பினேன்.
கழிவறைத் தரையில் எறும்பு மொய்த்தபோது
தவமணி எறும்புப் பொடி வாங்கிப் போட்டாள்.
அதற்கும் மேலே எறும்பு வந்தது.
வேறு பிராண்டு வாங்கினாள்.

இருபத்து நாலு நாள் கழித்து வேலைக்குப் போகும் வழியில்
நசீர் கடையில் நின்று
தே ஓ கோசோங் என்றேன்.
டின் பாலில் போன கை அப்படியே நின்றது.
கோசோங்கா, என்று
எனக்குப் பின்னால் யாரையோ பார்ப்பவன் போலக் கேட்டான்.
குடித்தேன். நன்றாக இல்லை.

கொட்டிவிட்டு வரும் லாரி மேடை ஏறும்போது
எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறும்,
அப்புறம் நிற்கும்.
இன்று காலை எனக்கு ஒன்பது புள்ளி இரண்டு.
இன்னும் நிற்கவில்லை.
எது என் காலி எடை என்று
இந்த மேடையில் எழுதி வைத்திருக்கவில்லை.

பதினொரு மணிக்குக் குணாளன் வந்தான்.
தும்மினான். தூசிதான் அண்ணே, என்றான்.
தூசியாகவே இருக்கட்டும்.
கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டு
சீட்டை
அடிச்சந்து வழியாகத் தள்ளச் சொன்னேன்.