கடலூருக்கு ஒரு வில்லங்கச் சான்று

முதுநகர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பக்கவாட்டில் என் மேசை.
முப்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
எந்த மனைக்கும் நாலு எல்லை சொல்லியாக வேண்டும்:
யார் வீட்டுக்கு வடக்கு, எந்தத் தெருவுக்குத் தெற்கு.
எல்லை சொல்லாத நிலம் காற்று மாதிரி,
விற்கவும் முடியாது, வழக்குப் போடவும் முடியாது.

இந்த ஊரையே ஒருமுறை விற்றிருக்கிறார்கள்.
செஞ்சியிலிருந்த மராட்டியன் விற்றான்,
கப்பலில் வந்த கும்பினி வாங்கியது.
சங்கிலி பிடிக்கவில்லை, கல் நடவில்லை.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் பீரங்கி ஏற்றிச் சுட்டார்கள்.
குண்டு போய் விழுகிற இடம் வரை அவர்களுக்கு.

குண்டு கிராமம் என்று பிறகு பேர் எழுதிக்கொண்டார்கள்.
விழுந்த அன்று
மஞ்சக்குப்பத்தில் எவளோ ஒருத்தி
கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்திருப்பாள்.
சத்தம் கேட்டு முறத்தைக் கீழே வைத்தாள்,
திரும்ப எடுக்கும்போது வேறொருவன் குடி.
அந்தக் கிரயத்துக்குச் சாட்சி கேட்டால்
முறத்தைத்தான் கையெழுத்துப் போடச் சொல்வேன்.

அப்புறம் வில்லங்கம் நிற்கவே இல்லை.
பாண்டிச்சேரிக்காரன் வந்து கோட்டைக்கு வெடிவைத்தான்.
கும்பினி மீட்டது, விட்டது, மறுபடி மீட்டது,
சேட்டுக் கடையில் வைத்துத் திருப்பும் நகைபோல
ஒவ்வொரு தடவையும் குந்துமணி எடை குறைந்து.
இஸ்லாமாபாத் என்றுகூட ஒரு காலம் பெயர் இருந்தது.
சோனகர் தெருவில் இன்னும் ஒன்றிரண்டு கதவுகள்
அந்தப் பெயர் சொன்னால்தான் திறக்கும் போல
இறுகிக் கிடக்கின்றன.

கப்பல் எப்போதுமே கரைக்கு வந்ததில்லை.
வெளியே நங்கூரமிட்டு நிற்கும்,
தோணி போய் மூட்டை இறக்கி வரும்.
இப்போது உப்பனாற்று வாயில் மணல்.
தோணித்துறையில் ஆட்டுக்குட்டிகள் படுத்திருக்கின்றன.
ராத்திரியில் தெற்கிலிருந்து சிப்காட் நாற்றம் வரும்.
ஒருநாள் அழுகிய பலாப்பழம், ஒருநாள் எரிந்த டயர்.
பன்னிரண்டு வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால்
அனுபவ பாத்தியதை.
அந்த நாற்றத்துக்கு இந்நேரம் பட்டாவே கொடுத்திருக்கலாம்.

போன தை மாசம் சிங்காரத்தோப்பிலிருந்து பச்சைவாழி வந்தாள்.
மகள் பேருக்குத் தான செட்டில்மெண்ட்,
ஒன்றே முக்கால் சென்ட், மேலே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் வீடு.
பழைய பத்திரத்தில் மூன்று பக்கமும் அளவு இருந்தது.
நாலாவதில் ‘கிழக்கே சமுத்திரம்’, அவ்வளவுதான்.

“வீட்டுக்கும் அலைக்கும் எத்தனை அடிம்மா?”

“எப்ப சார்?”

பேனாவை மூடி வைத்தேன்.

“சுனாமிக்கு முன்னாடின்னா எரநூறு இருக்கும்.
தானே புயலுக்கப்புறம் பாதி.
கல்லு கொட்டினாங்க, கொஞ்சம் தள்ளிப் போச்சு.
அமாவாசைன்னா அதுலயும் கழிச்சுக்குங்க.”

விரல்விட்டு எண்ணினாள்,
மீன் கணக்குச் சொல்வதுபோல, துக்கமில்லாமல்.

எனக்கு அந்தப் பீரங்கி ஞாபகம் வந்தது.
கிழக்கே திருப்பி ஒன்று சுட்டிருந்தால்
அந்தக் குண்டு எந்த ஊரையும் வாங்கியிருக்காது.
தண்ணீர் ஒருதரம் திறந்து மூடியிருக்கும்.

அளவுக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
பச்சைவாழி முழுசையும் படித்துக்காட்டச் சொன்னாள்.
படித்தேன். கடைசி வரியில் கை காட்டி நிறுத்தினாள்.

“சமுத்திரம்னு வேணாம் சார், கடல்னு போடுங்க.
அதுக்கு அந்தப் பேரு தெரியாது.”