முப்பது மரத்து விதை

அட்டையில் எழுதியது நான்தான்:
'தாய்மரம் முப்பது.
ஒன்றுக்கொன்று நூறு மீட்டர் இடைவெளி.'
சாக்கின் வாயில் சணலால் கட்டினேன்.

ஏறியது ஒரே மரம்.
எண்ணூரில், சாம்பல் குழாய் ஓரமாக,
முழங்கால் உயரத்திலேயே கவைவிட்டு
'ஏறு' என்று குனிந்து நின்ற சவுக்கு.
நெட்டை மரங்கள் தள்ளி நின்றன.
அவற்றுக்கு ஏணி வேண்டும், இடுப்புக் கயிறு வேண்டும்.
கூலியோ கிலோக் கணக்கு.

தார்ப்பாயில் காய்ந்த காய்கள்
மத்தியான வெயிலில் வாய் திறந்தன.
இறக்கை வைத்த தூள்,
தும்மினால் பறந்துவிடும்.
எறும்பு மட்டும் வந்து வந்து பார்த்தது.
பரிமளா மேடம் ஈரத்தாளில் நூறு எண்ணி வைத்தார்.
அறுபத்திரண்டு முளைத்தது.
"நல்ல விதைப்பா" என்றார்.
எத்தனை பிழைக்கும் என்று ஈரத்தாள் சொல்லும்.
யாருக்குப் பிறந்தது என்று அது கேட்பதில்லை.

அஞ்சு வருஷம் போச்சு.
திருவொற்றியூர் மண்டியில்
லாரியின் பின்கதவைத் திறக்கிறேன்.
மீஞ்சூர் தாண்டி ஒரு தோப்பின் மொத்த வெட்டு.
கட்டைகள் சரிகின்றன,
எல்லாவற்றிலும் இடுப்புயரத்தில்
அதே முழங்கை, அதே கவை.
பாதிக்குமேல் பட்டை வெடித்து
உள்ளே கருப்புத் தூள்.
ஒன்றுக்கு வந்த நோய்க்கு
அடுத்ததில் கதவே இருந்திருக்காது.

தேசப்பன் ஒன்றை உருட்டிப் பார்த்தான்.
"இன்னாபா, எல்லாம் ஒரே வூட்டுப் புள்ளைங்களா கீது?"
கல்யாணப் பந்தியில் மூக்கை வைத்தே
இன்னார் வகையறா என்பார்களே, அப்படி.
நான் இல்லாத தீப்பெட்டியைத் தேடினேன்.

தோப்புக்காரம்மா செகதாம்பாள்
லாரி முன்சீட்டை விட்டு இறங்கவில்லை.
சாரத்துக்கு ஆகாது, விறகு விலைதான் என்றதும்
மடியிலிருந்த பாஸ்புக்கைத் திருப்பிப் போட்டாள்.
"மழை சரியில்ல" என்றாள்.
"மண்ணு உப்பும்மா" என்றான் தேசப்பன்.
"ஆமா, உப்பு" என்றேன் நான்.

எடைமேடையில் கட்டை ஏற்றும்போது
நடைக்கு நடை
ஓரமாக என் ஒரு காலை வைத்தேன்.
பத்துக் கிலோ, பன்னிரண்டு கிலோ.
சீட்டில்
அந்தப் பொய்யையும் சேர்த்தே
எழுதிக்கொண்டு போனான் தேசப்பன்.