மருந்தளவு

பகலில், கயானி நகரத்து மருந்துக்கடையில்
மற்றவர்களுக்கு அளந்து கொடுக்கிறேன்.
இரவில், நிலவறையில், எனக்கு.
அங்கே குறைந்தால் காய்ச்சல் நின்றுவிடும் உடம்பில்.
இங்கே குறைந்தால் குண்டு நின்றுவிடும் குழலில்.
கூடினால் என்ன ஆகும் என்று
இரண்டு இடத்திலும் யாரும் இருமுறை கேட்பதில்லை.

கணப்பை அணைத்த பிறகுதான் தராசைத் திறப்பேன்.
வெதுவெதுப்பான காற்று தட்டைத் தொட்டால்
கடைசி இலக்கம் பொய் சொல்லும்.
மூச்சையும் முகம் திருப்பி விடவேண்டும்,
கோபித்துக்கொண்டவள் போல.

நவம்பரில் தபால் நிலையப் படியில் வழுக்கி விழுந்தேன்.
வலது மணிக்கட்டில் மயிரிழை விரிசல்.
ஜனவரியில் மாவுக்கட்டைப் பிரித்த மருத்துவர் சொன்னார்:
கொஞ்ச நாள் எதிலும் அதிர விடாதே, ஹில்க்கா.
பிப்ரவரியில் போட்டி இருப்பதை
நான் அவரிடம் சொல்லவில்லை.

ஏட்டில் பென்சிலால் நான்கு அளவுகள்.
முதலாவது சோம்பேறி.
காலிக் குப்பிகள் கரி அப்பிக் காலடியிலேயே விழுந்தன.
நான்காவது வெய்யோவுடையது.
கதவை அறைந்து சாத்துகிற மனிதன்,
அவன் தோட்டாவும் அப்படித்தான்.
மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல அளவு.
இரண்டாவது, பஞ்சு.
குறிமுள் எழுந்து, சோம்பல் முறித்து,
பூனை போல அதே இடத்தில் வந்து உட்காரும்.
ஐந்து துளைகளையும் ஒரு யூரோ காசால் மூடினேன்.

குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி
ஆயிரத்தால் வகுத்தால்
நூற்றிருபத்தைந்தாவது வரவேண்டும். அதுதான் விதி.
எனக்கு நூற்றிருபத்தாறரை வந்தது.
"அது உள்ளரங்கத்துக் கணக்கு" என்றான் வெய்யோ.
காதுக்குக் கேட்டது.
மணிக்கட்டுக்குக் கேட்கவில்லை.
முந்நூறு தோட்டா அடைத்தேன்.

சரளைக்கல் குழி. மைனஸ் பத்தொன்பது.
நடுவர் என் பெட்டியிலிருந்து எட்டை எடுத்து
உறையிலிட்டு, பெயர் எழுதி,
வேலிப் பலகைமேல் வைத்துவிட்டு
காபி குடிக்கப் போனார்.
மருந்துக்கும் குளிரும்; குளிரில்
அதுவும் என்னைப் போலத் தாமதமாகத்தான் விழிக்கும்.
கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தவற்றை
அவர் கேட்கவேயில்லை.

நூற்றிருபத்து நான்கு புள்ளி ஆறு.
இன்னொரு மூன்று சுட்டும் எட்டவில்லை.
ஒரு குண்டைப் பிடுங்கி எடை பார்த்தார்; அதில் குற்றமில்லை.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"சுடலாம். புள்ளி கிடையாது."

இம்மி.
தராசில் ஊதினால் பறக்கும் அளவு.

சுட்டேன். ஆறு மேடையும்.
ஐந்தாவதில் ஒரு இரும்புத் தட்டைத் தவறவிட்டேன்,
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.
கை வலிக்கவே இல்லை.

மிச்சம் நூற்று அறுபத்து மூன்று.
பிரிக்க ஒரே வழி, அந்த பிளாஸ்டிக் சுத்தியல்:
தலைக்குள் தோட்டாவை மாட்டி
மரக்கட்டையில் ஓங்கி அடிக்க வேண்டும்.
இரண்டு அடி, சிலதுக்கு மூன்று.
குண்டு கழன்று விழும்,
மருந்து ஒன்றுமே நடக்காதது போலக் கொட்டும்.
நாற்பதாவது தோட்டாவில் மணிக்கட்டு வீங்கியது.
தோட்டா ஒவ்வொன்றிலும்
அதற்கு மிச்சம் பிடித்துக்கொடுத்த அதிர்ச்சியெல்லாம்
ஒரே ராத்திரியில், வட்டியோடு.

சுத்தியலைக் கைமாற்றிக்கொண்டேன்.
விடியும்போது டப்பாவை மூடி, ஏட்டைத் திறந்தேன்.
இரண்டாவது வரியை அடிக்கவில்லை.
அதன் பக்கத்தில், இடக்கையால், கோணலாக
'ஜூன்' என்று எழுதினேன்.