எம்-புக், பக்கம் நாற்பத்தொன்று

முதலில் சிவப்பு வந்தது.
தொண்ணூறுகளில் யாரோ அடித்த எனாமல்,
உப்புப் பூத்து ஏடு ஏடாக.
அதன் கீழே நீலம். நீலத்தின் கீழே
பெரிய அதிகாரி பார்வையிட வரும்போதெல்லாம்
அவசரமாகப் பூசிய வெள்ளை.
எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

மரியசூசை கொத்தனார் கரண்டியைத் திருப்பிப் பிடித்தார்.
இரும்பு வேண்டாம் என்றேன்.
ஒரு மூங்கில் சீவலை எடுத்துக்கொண்டார்.

கீழமருதங்குடி பழைய போலீஸ் ஸ்டேஷன்:
வெண்ணாற்று வண்டலில் அறுத்துச் சுட்ட செங்கல்,
வேதாரண்யத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு,
கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம்.
லாக்கப் கம்பி மட்டும் கப்பலில் வந்து
நாகப்பட்டினத்தில் இறங்கி மாட்டுவண்டி ஏறியது.
இந்த ஊர் மண்ணை நம்பினார்கள்,
இரும்பை நம்பவில்லை.

பதினேழும் உரிந்த இடத்தில், வராந்தாச் சுவரில்,
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்
விளக்குக் கரியால் ஓர் எண்: 7.
பக்கத்தில் 8.
சாயங்காலத்துக்குள் முப்பத்திரண்டு வரை போனது.

"சைக்கிள் நிறுத்தப் போட்டிருப்பாங்க மேடம்"
என்றார் கான்ட்ராக்டர் மொய்தீன்.
டேப் பிடித்தேன்.
எண்ணுக்கும் எண்ணுக்கும் ஒன்றரை அடி.
சைக்கிள் நிற்கும்தான்.

எதிர்ச்சாரிப் புதுக் கட்டடத்திலிருந்து
எஸ்.ஐ. கார்குழலி ஒரு மூட்டை கொடுத்தனுப்பினார்,
பீரோவைக் காலி செய்கையில் கிடைத்ததாம்.
இரவு ஆஜர்ப் புத்தகம்.
ஆண்டு எழுதிய மூலையைக் கரையான் தின்றிருந்தது.
பெயர்கள் இல்லை.
எண், எண்ணுக்கு நேரே பெருவிரல்.
ரேகைச் சட்டம்: பிறந்த சாதியே குற்றம்.
பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனுக்கு வந்து படுக்க வேண்டும்,
கோழி கூவினால் போகலாம்.

ஆட்கள் டீ குடிக்கப் போன நேரம்
நான் படுத்துப் பார்த்தேன்.
ஒன்றரை அடியில் மல்லாந்து படுக்க முடியாது,
ஒருக்களித்துத்தான்.
ஒருவர் புரண்டால் முப்பத்திரண்டு பேரும் புரள வேண்டும்.
எந்தச் சட்டப் பிரிவிலும் இது இருந்திருக்காது.
டேப் சொன்னது.

ஆடி இருபத்தொன்று மட்டும் வேறு மாதிரி.
ஏட்டின் கையெழுத்து சரிந்திருக்கிறது:
"ஆற்றில் உடைப்பு. எல்லோரும் கரையில் ஆஜர்."
விரலில் மை இல்லை, சேறு.
காய்ந்து இன்னும் தாளில் ஒட்டியிருக்கிறது,
தொட்டால் உதிரும். தொடவில்லை.
முப்பத்தொரு சேற்று விரல்.
19க்கு நேரே:
"தலைமறைவு. வாரண்டு கேட்டு எழுதப்பட்டது."

முளைக்கம்பும் வைக்கோல் பிரியும் தோளில் கிடக்க
உடைப்புக்குள் இறங்கினாரா,
இருட்டில் அக்கரை ஏறி நடந்தாரா,
புத்தகத்துக்குத் தெரியாது. எனக்கும்.
அக்கரை ஏறியிருக்கட்டும் என்று நினைப்பது
என் வேலையில்லை. நினைத்தேன்.
அதன்பின் நாலு மாதம் 19 காலி.
18ம் 20ம் அந்த இரவுகளில்
மாறி மாறி மல்லாந்து படுத்திருக்கலாம்.

எஸ்டிமேட்டில் பதினாறாவது ஐட்டம்:
"சுவர்க் கிறுக்கல்களை நீக்கி
மூன்று கை சுண்ணாம்பு அடித்தல்."
திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள்
லாக்கப் கம்பிக்குப் பின்னால் நின்று செல்ஃபி எடுக்க
நல்ல வெளிச்சம் வேண்டும் என்று
வாய்மொழியாக ஓர் உத்தரவு.

சுவர் அளக்கும்போது
கதவையும் ஜன்னலையும் கழித்துவிடுவோம்.
இல்லாத சுவருக்குப் பூச்சுக் கூலி கிடையாது.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதினேன்:
வராந்தா உட்சுவர், நீளம் நாற்பத்தெட்டு அடி.
கழிக்க: திறப்புகள், முப்பத்திரண்டு.

மரியசூசை ஒன்றும் கேட்கவில்லை.
எண்களைச் சுற்றி நாலு விரல்கடை விட்டு
மீதிச் சுவருக்கு வெள்ளை அடித்தார்.
19க்கு மட்டும் அரை அடி கூட விட்டிருந்தார்.
ஐப்பசி ஈரம், இன்னும் காயவில்லை.

இன்று எம்-புக் திரும்பி வந்திருக்கிறது.
செயற்பொறியாளர் சிவப்பு மையில்:
"வரைபடத்தில் ஜன்னல் நான்குதானே?"

பதில் எழுத ஓரத்தில் அரை அங்குலம்தான் இடம்.
நேரில் வரவும் என்று எழுதினேன்.
டேப் கொண்டுவர வேண்டாம்.