தொய்வு

பதினோரு கே.வி. லைனோடு
பத்தொன்பது வருஷப் பழக்கம்.
ஆறே கம்பிதானே என்று
மஞ்சூர் பஸ்ஸிலிருந்து
குன்னூர் மவுண்ட் ரோட்டில் இறங்கினேன்.

கடைக்காரி ரெஜினா
யாருடைய கடிகாரத்துக்கோ பேட்டரி மாற்றியபடி கேட்டாள்:
"பையனுக்கா?"
எனக்கு என்றேன்.
என் விரல்களைப் பார்த்தாள்.
நரையைப் பார்க்கவில்லை.
அதிலேயே அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

சுவரில் ஏழு தொங்கின.
கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி
சிவப்பாய் ஒன்று.
கை அதற்குத்தான் போனது.
"அது போட்டோவுக்கு" என்றாள்.

நைலான் கம்பி மெத்தென்றிருந்தது.
விரல் வலிக்காதாம்.
நான் இரும்பையே கேட்டேன்.
இந்த வயதில்
தெரிந்த உலோகம் போதும்.

ஒரு கண்ணை மூடி
கழுத்தை நெடுக்கப் பார்த்தேன்,
நட்ட கம்பம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே
அவள் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றைச் செருகினாள்.
நின்றது.
அடுத்த கித்தாரில்
மூன்று நாணயம் உள்ளே போயின.
"இதை அழுத்திப் பழகுகிறவங்க
அடுத்த மாசமே விற்க வந்துடுவாங்க."

பிறகுதான் கேட்டேன்,
டாக்டரிடம் கேட்பதுபோல, குரலைத் தாழ்த்தி:
சத்தம் எங்கேருந்து வருது?

கடிகாரத்தைக் கீழே வைத்தாள்.
அறுந்த கம்பியின் ஒரு முனை என் கையில்,
ஒரு முனை அவள் கையில்.
இழுத்துப் பிடித்துச் சுண்டினாள்.
கொசு.
அதே கம்பியைக் காலி பிஸ்கட் டின்னின்மேல்
அழுத்திப் பிடித்துச் சுண்டினாள்.
கடைக்கு வெளியே போன ஒருவர்
திரும்பிப் பார்த்தார்.
"காற்றைத் தள்ள கம்பிக்கு அகலம் போதாதுண்ணே.
பலகைதான் தள்ளும்."

அட, இது எனக்குத் தெரியும்.
அவலாஞ்சி பக்கம் காற்றடிக்கும் நாளில்
மேலே கம்பி ஏதோ முணுமுணுக்கும், பிடிபடாது.
கம்பத்தில் காதை வைத்தால்
முழு வாக்கியமாய்க் கேட்கும்.

அப்படியானால் இந்தக் குதிரைதான்
நடுக்கத்தை வாங்கி மேற்பலகைக்குக் கடத்துகிறது.
பலகை துடிக்க,
பெட்டிக்குள் அடைந்த காற்று
வட்ட ஓட்டை வழியே மூச்சு விடுகிறது.
உள்ளங்கையால் ஓட்டையை மூடி மீட்டிப் பார்த்தேன்.
சளி பிடித்தவன் பேச்சு.

ஒரே மரத்தில் அறுத்த மேற்பலகை, பன்னிரண்டாயிரம்.
ஒட்டுப்பலகை, ஆறாயிரத்து இருநூறு.
முதலாவதின் குரலில் ஒரு திறப்பு இருந்தது,
மறுக்க மாட்டேன்.
"மஞ்சூர்ல மேகம் வீட்டுக்குள்ளேயே வருமே.
அது உப்பும், பங்குனியில வெடிக்கும்.
ஒட்டு தாங்கும்."
விலை குறைந்ததைத் தள்ளிவிடும் வியாபாரியை
அன்றுதான் பார்த்தேன்.

நாலு நாள் விரல் நுனி எரிந்தது,
கையுறைக்குள் இத்தனை வருஷம்
தப்பித்துக் கிடந்த இடம்.
காலையில் எடுத்தால் சுதி ஏறியிருக்கும்.
குளிரில் கம்பி இறுகும்.
அதற்குத்தான் லைன் இழுக்கும்போது
நாங்கள் தொய்வு விடுவோம்.
இதில் விட வழியில்லை.
தினமும் திருக வேண்டியதுதான்.

நேற்று ராத்திரி ஒன்று கண்டுபிடித்தேன்.
தடித்த கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்,
குவார்ட்டர்ஸ் வாசல் ட்ரான்ஸ்பார்மரின் ரீங்காரத்துக்கு
மயிரிழை கீழே.
இரண்டும் சேர்கையில்
நடுவில் எதுவோ
வாம், வாம் என்று நடந்து போகிறது.
யாரிடம் சொல்வது இதை?
திரும்பத் திரும்ப அதையே மீட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
வாசலில் இருந்தது நின்றுவிட்டது.
மடியில் இருந்தது மட்டும்
இன்னும் கொஞ்சம் இருட்டைத் தள்ளியது.
முழுக்க அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

போன்.
கிண்ணக்கொரை லைனில் மரம்.