கோணல்

ரெய்க்யவிக்கில் பிப்ரவரி.
விடியல் பத்து மணிக்குத்தான் வரும்.
கட்டுப்பாட்டு அறைக்கு அதுவும் வராது,
ஜன்னல் கிடையாது.

இருட்டில் ஒரு திரை, அதன்முன் ஏவிந்தூர்.
கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள கடல்
அவன் மடியில் கிடக்கிறது.
அதன்மேல் பத்தொன்பது பச்சைப் புள்ளிகள்,
புள்ளிக்கொரு பெயர்ப்பட்டை:
அழைப்புப் பெயர், உயரம், வேகம்.

திரையை வடிவமைத்தவள் நான்.
பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்
தாமே விலகும், தாமே வரிசைக்கு வரும்.
செயல்விளக்கத்தன்று மேலாளர்கள் கைதட்டினார்கள்.
முதல் கோணல் முற்றும் கோணல் என்று
நேராக்கியே பழகிய கை எனக்கு.

மூன்றாம் இரவு கவனித்தேன்.
ஏவிந்தூர் ஒரு பட்டையை மவுஸால் பிடித்து
இடப்பக்கம் இழுத்துச் சாய்க்கிறான்.
நான்கு நொடி.
நல்ல பிள்ளையாய் அது தன்னிடம் திரும்புகிறது.
மறுபடி இழுக்கிறான்.
மறுபடி.

"எதற்கு?" என்றேன்.
திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவன்.
"இடப்பக்கம் சாய்ந்தால்,
பேசிவிட்டேன், பதில் வரவில்லை.
கீழே தொங்கினால்,
எனக்குப் பிடிக்காத உயரத்தில் இருக்கிறார்."
கொஞ்சம் பொறுத்து,
"நான் சமைக்கும்போதே யாரோ பின்னால் நின்று
அடுக்களையை ஒதுங்க வைக்கிறார்கள்.
ஒவ்வொரு தடவையும் உப்பைத் தேடுகிறேன்."

எந்தக் கையேட்டிலும் இல்லை இது.
பக்கத்து மேசை ஸ்டைன்வோருக்கோ
வலப்பக்கம்தான் கவலை.
ஆனாலும் ஆறு மணிக்குப் பணி மாறும்போது
அவன் கோணலை அவள் படிக்கிறாள்,
"ம்", "ம்" என்று,
ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.
நான் வரைந்த அம்புக்குறிகளை, சிவப்பு மினுக்கல்களை
இருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் கேட்டார்கள்:
"இரண்டு மாதத்தில் புதிதாக என்ன சேர்த்தாய்?"
ஒன்றும் சேர்க்கவில்லை.
அறுநூறு வரி நிரலை எடுத்தேன்.
இனி வைத்தது வைத்த இடத்தில் இருக்கும்.

ஓர் இரவின் திரையைப் போட்டுக் காட்டினேன்.
ஒருவர் கண்ணைச் சுருக்கினார்:
"அலங்கோலமாக இருக்கிறதே."

ஆமாம்.
அதில் ஒரு பட்டை, தீவுக்கு வெகு வடக்கே,
இடப்பக்கம் முழுக்கச் சாய்ந்து கிடந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
அதற்குள் தூங்கிக்கொண்டு போனார்கள்.
யாரோ ஒருவருக்கு
அதன்மேல் ஒரு கண் இருந்தது.